டேப்லட்டும் வயரில்லாத கீபோர்டும்: நீங்கள் கேட்டவை

டேப்லட்டோடு கீபோர்டு சேரவில்லை, கெட்டுப்போய்விட்டது போல, புதிதாக எது வாங்கலாம் என்று கேட்டு வாட்ஸ்அப்பில் நிறைய பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கெட்டுப்போனதாக நினைக்கும் கீபோர்டுகளில் பெரும்பாலானவை நன்றாகவே இருக்கின்றன. ஒன்று வேறு எதனுடனோ இணைந்து கிடக்கின்றன, இல்லையென்றால் டேப்லட்டில் எங்கோ ஒரு செட்டிங் மாறிக் கிடக்கிறது. நம் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கீபோர்டுக்காக ஈப்போ வரை பஸ் ஏறுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

அண்ணே, பாசார் மாலாமில் 35 வெள்ளிக்கு வயர்லெஸ் கீபோர்டு வாங்கினேன். டேப்லட்டில் புளூடூத்தை ஆன் செய்து எவ்வளவு நேரம் தேடினாலும் பெயரே வரவில்லை. கடைக்காரர் வேலை செய்யும் என்றுதான் சொன்னார். ஏமாந்துவிட்டேனா? (எல்பில் தோட்டம்)

ஏமாறவில்லை தம்பி. கீபோர்டைத் திருப்பிப் பார், பேட்டரி போடும் இடத்திலோ பெட்டிக்குள்ளோ விரல் நகம் அளவுக்கு ஒரு யூஎஸ்பி ரிசீவர் இருக்கும். அது இருந்து, கீபோர்டில் புளூடூத் அடையாளம் எங்கேயும் இல்லையென்றால், உன் கீபோர்டு புளூடூத் வகையே இல்லை. இரண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில்தான் ஓடுகின்றன, ஆனால் ரிசீவர் வகை தன் சொந்த முறையில் தன் ரிசீவரோடு மட்டும்தான் பேசும். டேப்லட்டின் புளூடூத்தில் விடிய விடியத் தேடினாலும் அது வராது. பெட்டியில் 'வயர்லெஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். புளூடூத் உள்ளதென்றால் அதைப் பெரிதாகவே அச்சடித்திருப்பார்கள்.

இதற்காக அதைத் தூக்கி வைக்க வேண்டாம். ஓடிஜி அடாப்டர் என்று கேட்டால் கைப்பேசிக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். ஒரு பக்கம் டேப்லட்டின் சார்ஜ் துளைக்குள் போகும், மறுபக்கம் ரிசீவரைச் செருகலாம். உன் டேப்லட்டின் துளை டைப்-சியா பழைய மைக்ரோ யூஎஸ்பியா என்று பார்த்துவிட்டு வாங்கு. செருகியதும் நோட்ஸைத் திறந்து தட்டினால் எழுத்து வர வேண்டும். வரவில்லையென்றால் செட்டிங்ஸில் ஓடிஜி என்று தேடிப் பார், சில ஆண்ட்ராய்டு மாடல்களில் அதை நாமே ஆன் செய்ய வேண்டும், கொஞ்ச நேரம் பயன்படுத்தாமல் விட்டால் அது தானாகவே அணைந்துவிடும். டைப்-சி துளை உள்ள ஐபேட்டுகளிலும் இதே வழிதான், பழைய லைட்னிங் துளை என்றால் அதற்கென்று தனி அடாப்டர் வேண்டும், அது விலை கூடுதல்.

இதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. ரிசீவர் செருகியிருக்கும்போது சார்ஜ் போட முடியாது. அப்புறம் ரிசீவர் தொலைந்தால் கீபோர்டும் போன மாதிரிதான், ஒரு கீபோர்டின் ரிசீவரை எடுத்து இன்னொன்றுக்குப் போட்டால் பொதுவாக வேலை செய்யாது. அதனால் பயன்படுத்தாத நேரத்தில் அதை அதன் பொந்திலேயே வைத்துவிடு.

என்னுடையது புளூடூத் கீபோர்டுதான். மகனின் லேப்டாப்பில் ஓடுகிறது, டேப்லட்டில் மட்டும் பெயர் வரமாட்டேன் என்கிறது. (தாமான் துன் சம்பந்தன்)

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒருமுறை இணைந்த கீபோர்டு, ஆன் செய்ததும் பழைய ஆளைத்தான் முதலில் தேடிப் போகும். பக்கத்து அறையில் லேப்டாப் திறந்திருந்தால் அதோடு ஒட்டிக்கொள்ளும், டேப்லட்டின் கண்ணில் படவே படாது. லேப்டாப்பில் புளூடூத்தை அணையுங்கள். பிறகு கீபோர்டில் 'கனெக்ட்' பட்டனையோ, புளூடூத் அடையாளம் போட்ட விசையையோ விளக்கு வேகமாகச் சிமிட்டும் வரை அழுத்திப் பிடியுங்கள். சும்மா ஒரு தட்டு தட்டினால் போதாது, சில விநாடிகள் பிடிக்க வேண்டும். பல மலிவுக் கீபோர்டுகளில் எஃப்என் (Fn) விசையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். இப்போது டேப்லட்டில் தேடுங்கள், பெயர் வரும்.

திரையில் 6 இலக்க எண் ஒன்று தோன்றினால் அதைக் கீபோர்டில் அடித்து என்டர் தட்ட வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: எண்ணைத் திரையில் அடிக்க இடம் தேடுகிறார்கள், இடம் இல்லாததால் 'கேன்சல்' தட்டிவிடுகிறார்கள். அடிக்கும்போது கீபோர்டிலும் திரையிலும் எதுவும் தெரியாமல் போகலாம், பரவாயில்லை, அடித்து முடித்து என்டர் தட்டுங்கள்.

லேப்டாப், டேப்லட் இரண்டுக்கும் மாற்றி மாற்றி வேண்டுமென்றால் அடுத்த முறை பல சாதனங்களை நினைவில் வைக்கும் கீபோர்டாகப் பார்த்து வாங்குங்கள். லாஜிடெக் கே380 மாதிரியானவற்றில் மூன்று சாதனங்களுக்கு மூன்று விசைகள் இருக்கும், எது வேண்டுமோ அதைத் தட்டினால் போதும்.

கீபோர்டு இணைந்ததிலிருந்து திரையில் வரும் கீபோர்டு காணாமல் போய்விட்டது. இமோஜி போட முடியவில்லை. (ஜாலோங்)

வெளிக் கீபோர்டு இருக்கிறதே என்று டேப்லட் அதை மறைத்துவிடுகிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் 'பிசிக்கல் கீபோர்டு' என்று தேடினால், திரைக் கீபோர்டைக் காட்டு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போடுங்கள். ஐபேட்டில் கீழே தெரியும் சின்னப் பட்டையின் ஓரத்திலுள்ள அம்புக்குறியை அழுத்திப் பிடித்தால் திரும்ப வரும்.

மின்னஞ்சல் முகவரி அடிக்கும்போது ஷிஃப்டும் 2-ம் தட்டினால் மேற்கோள் குறி வருகிறது. (சாலாக்)

கீபோர்டு அமெரிக்க அமைப்பு, டேப்லட் அதை இங்கிலாந்து அமைப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நம் மலேசியாவில் விற்பவை பெரும்பாலும் அமெரிக்க அமைப்புதான். அதே 'பிசிக்கல் கீபோர்டு' பக்கத்தில் ஆங்கிலம், அமெரிக்கா என்று மாற்றிவிடுங்கள். ஐபேட்டில் ஜெனரல், கீபோர்டு, ஹார்ட்வேர் கீபோர்டு என்று போனால் இருக்கும், ஆனால் கீபோர்டு இணைந்திருக்கும்போதுதான் அந்த வரியே கண்ணில் தெரியும். இதே கேள்வியோடு இன்னொருவர், ஜே தட்டினால் 1, கே தட்டினால் 2 வருகிறது என்கிறார். அது நம்லாக், அதாவது சில எழுத்து விசைகளை எண் விசைகளாக்கிவிடும் விசை. எஃப்என்னோடு அந்த விசையை ஒருமுறை தட்டினால் சரியாகிவிடும்.

வணக்கம் அண்ணா, படிவம் நான்கு மாணவி நான். பள்ளி இதழுக்குச் சிறுகதை எழுதுகிறேன். டேப்லட்டில் விரலால் தமிழ் அடித்து விரல் வலிக்கிறது என்று அப்பா புளூடூத் கீபோர்டு வாங்கித் தந்தார். ஆங்கிலம் வருகிறது, தமிழ் வரவில்லை. என்ன செய்வது? (லிந்தாங்)

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் தங்கச்சி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐபேட் என்றால் வேலை சுலபம். செட்டிங்ஸில் ஜெனரல், கீபோர்டு, கீபோர்டுகள் என்று போய் தமிழைச் சேர். அதில் அஞ்சல், தமிழ் 99 என்று இரண்டு அமைப்புகள் உண்டு. இரண்டையும் வெளிக் கீபோர்டிலேயே பயன்படுத்தலாம். கண்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்த்துத் தட்டினால் மொழி மாறும், உலக உருண்டை போட்ட விசை இருந்தால் அதுவும் அதே வேலையைச் செய்யும்.

அஞ்சல் என்பது ஆங்கில எழுத்தின் ஓசையை வைத்துத் தமிழ் அடிக்கும் முறை. நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் உருவாக்கியது, முரசு அஞ்சல் என்ற பெயரில் நம் பத்திரிகைக்காரர்களும் ஆசிரியர்களும் வெகு காலமாகப் பயன்படுத்துவது. ஆங்கிலத்தில் வேகமாக அடிக்கத் தெரிந்தவர்கள் அன்றைக்கே தொடங்கிவிடலாம். ள, ண, ற மாதிரி எழுத்துகளுக்கு மட்டும் ஷிஃப்ட் பிடிக்கப் பழக வேண்டும். தமிழ் 99 வேறு மாதிரி. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு அதைத் தரமாக அறிவித்தது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துவிடும், அதனால் 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. முதல் சில நாள்கள் தடுமாறும், விசைகளின் மேல் எழுத்து ஒட்டிக்கொண்டு பழகினால் கை தானாகப் போகத் தொடங்கும். நீ கதை எழுதப் போகிறவள், இன்னும் பல வருஷம் எழுதப் போகிறவள் என்றால் தமிழ் 99-ஐக் கற்றுக்கொள் என்றே சொல்வேன். ஆங்கில எழுத்தை நினைத்துக்கொண்டு தமிழ் எழுதுவதற்கும், தமிழையே நினைத்துத் தமிழ் எழுதுவதற்கும் வேகத்தில் மட்டுமல்ல, வாக்கியம் மனத்தில் ஓடுவதிலும் வித்தியாசம் இருக்கிறது.

ஆண்ட்ராய்டு டேப்லட் என்றால் கவனம் வேண்டும். திரையில் அழகாகத் தமிழ் தரும் ஆப் எல்லாம் வெளிக் கீபோர்டிலும் தமிழ் தரும் என்று இல்லை. வெளி விசைகளை வாங்கித் தமிழாக மாற்றும் வேலையையும் அந்த ஆப்பில் எழுதியிருக்க வேண்டும், பலவற்றில் அது கிடையாது. அதனால்தான் உனக்கு ஆங்கிலம் மட்டும் வருகிறது, கீபோர்டில் எந்தக் குறையும் இல்லை. தமிழ் ஆப் ஒன்றைப் போடுவதற்கு முன் அதன் விளக்கத்தில் வெளிக் கீபோர்டு பற்றிச் சொல்லியிருக்கிறதா என்று படி, போட்டதும் நோட்ஸில் ஒரு வரி அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய். இல்லாமல் போனாலும் மேலே ஜாலோங் அன்பருக்குச் சொன்ன சுவிட்சைப் போட்டு, தமிழைத் திரையில் தட்டி, வரி மாற்றுவது, அழிப்பது, அம்புக்குறியால் நகர்வது எல்லாவற்றையும் கீபோர்டில் செய்யலாம். முழு வசதி இல்லைதான், ஆனாலும் கதையைத் திருத்தும்போது பெரிய உதவி.

டியூஷன் நிலையத்தில் பிள்ளைகளுக்கு ஒரே மாடலில் பத்துக் கீபோர்டு வாங்கினோம். இணைக்கப் போனால் எல்லா டேப்லட்டிலும் ஒரே பெயர் வரிசையாக வருகிறது. ஒரு பிள்ளை தட்டினால் இன்னொரு பிள்ளையின் திரையில் எழுத்து வருகிறது! (சுங்கை சிப்புட்)

டீச்சர், பிள்ளைகள் வருவதற்கு முன் தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. எல்லாக் கீபோர்டையும் அணைத்துவிடுங்கள், எல்லா டேப்லட்டிலும் பழைய இணைப்புகளை 'ஃபர்கெட்' கொடுத்து அழித்துவிடுங்கள். பிறகு ஒரு கீபோர்டு, ஒரு டேப்லட் மட்டும் ஆன் செய்து இணையுங்கள், டேப்லட்டில் அந்தக் கீபோர்டின் பெயரைப் பக்கத்திலுள்ள சக்கர அடையாளத்தைத் தட்டி '1' என்று மாற்றுங்கள், இரண்டின் முதுகிலும் 1 என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அப்புறம்தான் அடுத்தது. அவசரப்பட்டு இரண்டை ஒன்றாக ஆன் செய்தால் திரும்பவும் முதலிலிருந்துதான். டேப்லட்டுக்கு ஒன்று என்று நிரந்தரமாக வைத்துவிடுங்கள், கலந்து பெட்டியில் போடாதீர்கள். கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் பிள்ளைகள் பாடம் செய்யும்போது ஒருவர் எழுதியது இன்னொருவர் கணக்கில் போய்விடக் கூடாது அல்லவா.

தம்பி, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவன் நான். பேரன் கொடுத்த டேப்லட்டில் பேத்திக்குச் செய்தி அனுப்ப ஆசை. கை நடுக்கத்தில் ஒரு எழுத்தைத் தட்டினால் நாலைந்து விழுகிறது. (லிந்தாங்)

ஐயா, இதற்கு நல்ல வழி இருக்கிறது. ஐபேட்டில் ஆக்சஸிபிலிட்டி, கீபோர்டுகள் என்ற இடத்தில் 'கீ ரிப்பீட்' என்பதை அணைத்துவிடச் சொல்லுங்கள் பேரனை. எவ்வளவு நேரம் விரல் அதன் மேல் இருந்தாலும் ஒரு எழுத்துதான் விழும். அங்கேயே 'ஸ்லோ கீஸ்' உண்டு, அதைப் போட்டால் விரல் தெரியாமல் பட்ட விசைகளை டேப்லட் கண்டுகொள்ளாது, கொஞ்சம் நின்று அழுத்தியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். 'ஸ்டிக்கி கீஸ்' போட்டால் ஷிஃப்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தட்ட வேண்டிய அவசியம் இல்லை, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டலாம். புதிய ஆண்ட்ராய்டுகளிலும் இவை வந்துவிட்டன, 'பிசிக்கல் கீபோர்டு' பக்கத்தில் பார்க்கச் சொல்லுங்கள். விசைகள் பெரிதாக, இடைவெளி விட்டு இருக்கும் முழு அளவுக் கீபோர்டாக வாங்கித் தரச் சொல்லுங்கள் ஐயா, மடித்துப் பையில் போடும் சின்னது உங்கள் கைக்கு வேண்டாம்.

எழுத்துகள் தாமதமாக விழுகின்றன, சில நேரம் விட்டுப்போகின்றன. புது பேட்டரி போட்டும் அப்படியே. (எல்பில் தோட்டம்)

முதல் எழுத்து மட்டும் விட்டுப்போனால் கவலை இல்லை, கீபோர்டு தூங்கி எழுந்திருக்கிறது, எதையாவது ஒருமுறை தட்டிவிட்டுத் தொடங்குங்கள். நடுநடுவே விட்டுப்போனால் அலை இடைஞ்சல். வீட்டு வைஃபையும் 2.4-இல் ஓடினால் மோடத்துக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள், முடிந்தால் டேப்லட்டை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். ரீசார்ஜ் பேட்டரி போட்டிருந்தால் அதன் அளவே 1.2 வோல்ட்தான், சாதா பேட்டரியின் 1.5 இல்லை, அதனால் சில கீபோர்டுகள் சீக்கிரமே பேட்டரி குறைவு என்று காட்டும்.

பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் மாதக் கணக்கில் உள்ளேயே கிடந்த பேட்டரி கசிந்து, கம்பியின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். பஞ்சுக் குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய விட்டுப் புது பேட்டரி போட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். பள்ளி விடுமுறையில் கீபோர்டைத் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். எறும்பு புகுந்திருந்தால் கவிழ்த்துத் தட்டி, காய்ந்த பிரஷால் துலக்குங்கள், பூச்சி மருந்து மட்டும் அடிக்காதீர்கள்.

வயர்லெஸ் கீபோர்டில் வங்கிக் கடவுச்சொல் அடிக்கலாமா? (கோலகங்சார்)

புளூடூத் கீபோர்டு என்றால், டேப்லட்டின் அப்டேட்டுகளை விடாமல் போட்டு வந்தால் அடிக்கலாம். 2023 கடைசியில் ஆண்ட்ராய்டு புளூடூத்தில் ஒரு ஓட்டையை அடைத்தார்கள், அதற்கு முந்தைய அப்டேட்டோடு நின்றுபோன டேப்லட் என்றால் வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள். மலிவு ரிசீவர் வகைக் கீபோர்டில் நான் அடிக்க மாட்டேன். 2016-இல் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தபோது, இந்த வகையில் பல கம்பெனிகளின் கீபோர்டுகள் தட்டிய எழுத்தை மறைக்காமல் அப்படியே காற்றில் அனுப்பியது தெரியவந்தது. கடவுச்சொல்லை மட்டும் திரையில் தட்டுங்கள், மற்றதைக் கீபோர்டில் அடியுங்கள். புதிதாக வாங்கும்போது பெட்டியில் எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் நாட்டில் விற்கும் வயர்லெஸ் சாதனங்களுக்கு அது இருக்க வேண்டும்.