கம்பனி ரயரா, கடை ரயரா? நகையை அடகு வைக்க முன் ஒரு கணக்கு

கேள்வி: வணக்கம் ஐயா. நான் புதுக்குடியிருப்பில் அரச பாடசாலை ஆசிரியை. 2014ஆம் ஆண்டு நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றை லீசிங்கில் எடுத்து ஓடுகிறேன். இன்னும் 14 தவணை இருக்கிறது. ரயர்கள் தேய்ந்துவிட்டன. கார் கம்பனி அங்கீகரித்த ரயர் ஒன்று 52,000 ரூபா, நான்குக்கும் 208,000 என்று கிளிநொச்சிக் கடையில் சொன்னார்கள். அதே அளவில் பெயர் தெரியாத ரயர் 27,000க்கு இருக்கிறது. ஆனால் அதைப் போட்டால் பற்றரி உத்தரவாதம் போய்விடும், விபத்து நடந்தால் காப்புறுதிக் காசும் வராது என்று கடைக்காரர் சொல்கிறார். விலை குறைந்ததையே போடுவோம் என்பது கணவரின் எண்ணம். கையில் 90,000 ரூபா இருக்கிறது. மிச்சத்துக்கு நகையை அடகு வைக்கலாமா? மாதம் 1,500 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறேன்.

பதில்: நகை வீட்டிலேயே இருக்கட்டும் ரீச்சர். 208,000 ரூபாவும் தேவையில்லை, நான்கும் சேர்த்து 108,000 ரூபா வரும் மலிந்த ரயரும் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம். சில கார்க் கம்பனிகள் ரயர்க் கம்பனியோடு சேர்ந்து தங்கள் காருக்கென்றே ரயரைச் செய்வித்து, பக்கச் சுவரில் ஓர் அடையாளம் பதிப்பார்கள். பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ, டெஸ்லாவுக்கு ரீ என்ற எழுத்தோடு ஓர் இலக்கம். அப்படியான காரில் அந்த அடையாளத்துக்கு ஒரு பெறுமதி உண்டு. உங்கள் லீஃப் அந்த வகை அல்ல. அது புதிதாக வந்த காலத்தில் பல கார்கள் பிரிட்ஜ்ஸ்டோன் எக்கோப்பியாவோடு வந்தன. அதைத்தான் கடைக்காரர் ‘அங்கீகரித்த ரயர்’ என்கிறார். நல்ல ரயர்தான். ஆனால் அதை விட்டால் வேறு கதி இல்லை என்பது வியாபாரப் பேச்சு.

பற்றரி உத்தரவாதத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2014ஆம் ஆண்டுக் காருக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. புதுக்காராக இருந்தாலும், சரியான அளவு ரயரை வேறு கம்பனியில் வாங்கியதற்காகப் பற்றரி உத்தரவாதத்தை மறுப்பது நியாயமாகாது.

காப்புறுதி கொஞ்சம் கவனிக்க வேண்டிய விஷயம். காப்புறுதிக்காரர் பார்ப்பது ரயரின் பெயரை அல்ல. வாகனம் ஓடத் தகுந்த நிலையில் இருந்ததா, சொல்லாமல் மாற்றம் ஏதும் செய்தீர்களா என்பதைத்தான். அப்படிப் பார்த்தால் இன்றைக்கு உங்களுக்கு ஆபத்து தேய்ந்த ரயரோடு ஓடுவதில்தான் இருக்கிறது. லீசிங் முடியும்வரை வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று இருப்பது லீசிங் கம்பனி. காப்புறுதிக் காசு மறுக்கப்பட்டாலும் 14 தவணையையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். ஆகவே காப்புறுதிக் கிளைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: ‘அதே அளவு, அதே சுமைக் குறியீடு, வேறு கம்பனி ரயர் போடுகிறேன், ஆட்சேபனை உண்டா?’ பதில் எழுத்தில் கையில் இருக்கட்டும்.

அதே அளவு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் ரயரின் பக்கத்தில் 205/55 ஆர்16, அதற்கு அடுத்து 91 என்ற சுமைக் குறியீடு இருக்கும். சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 91 என்றால் ஒரு ரயர் 615 கிலோ தாங்கும். 94 என்றால் 670 கிலோ, அதைப் போடலாம். 91க்குக் கீழே போகக் கூடாது. பற்றரியோடு சேர்த்து இந்தக் கார் ஏறக்குறைய 1,500 கிலோ, அதற்கு மேல் நாலு பேர் ஏறினால் எவ்வளவு என்று பாருங்கள். எங்கள் பக்கத்துக் கிரவல் றோட்டுக்குக் கார் கொஞ்சம் உயரட்டும் என்று 205/60 போடச் சொல்பவர்களும் இருப்பார்கள். கேட்காதீர்கள். அது சுற்றளவில் மூன்று வீதம் பெரிது. மீற்றர் 60 காட்டும்போது நீங்கள் 62இல் போவீர்கள். அதோடு காசை மறுக்கக் காப்புறுதிக்காரருக்கு நாங்களே ஒரு சாட்டுக் கொடுத்ததாகவும் ஆகிவிடும்.

இனிக் காசுக்கு வருவோம். பெற்றோல் காரில் ரயர் விலையைப் பார்த்தால் அநேகமாகப் போதும். மின்சாரக் காரில் அப்படி இல்லை. மோட்டரின் இழுவை காலை வைத்த உடனே வருவதாலும் பாரம் கூடுதல் என்பதாலும் மலிந்த ரயர் வேகமாகத் தேயும். இலகுவாக உருளாத ரயர் என்றால் மின்சாரத்தையும் தின்னும். அதனால் ஒரு ரயர் என்ன விலை என்பதை விட்டுவிட்டு, ஒரு கிலோமீற்றருக்கு என்ன விலை என்று கேளுங்கள்.

கம்பனி ரயர் 45,000 கிலோமீற்றர் ஓடும் என்று வைப்போம். 208,000ஐ அதால் பிரித்தால் கிலோமீற்றருக்கு 4 ரூபா 62 சதம். மலிந்த ரயர் 25,000 ஓடினால் 108,000க்கு 4 ரூபா 32 சதம். கணவர் சொன்னது சரிபோல் தெரியும். ஆனால் லீஃப் 100 கிலோமீற்றருக்கு 15 யூனிற் அளவில் எடுக்கும். இலகுவாக உருளாத மலிந்த ரயரால் அது 7 வீதம் கூடி, ஒரு யூனிற் 45 ரூபா என்றால், கிலோமீற்றருக்கு இன்னும் 47 சதம். மொத்தம் 4 ரூபா 79 சதம். மலிவு என்று வாங்கியதே விலை கூடியதாகிவிடுகிறது. என்னுடைய எண்களை எடுத்துவிட்டு, உங்கள் மின்சாரப் பில்லில் உள்ள கடைசி யூனிற் விலையையும், இப்போதுள்ள ரயர்கள் ஓடிய தூரத்தையும் போட்டுப் பாருங்கள்.

சதக் கணக்கில் தெரியாத ஒன்றும் இருக்கிறது. பத்து வருடம் தாண்டிய பற்றரி முழு சார்ஜில் 100 கிலோமீற்றர் தருகிறது என்றால், அந்த 7 வீதத்தால் அது 93 ஆகும். கிளிநொச்சிக்குப் போய்வர எண்பது கிலோமீற்றர் என்று வையுங்கள். இருபது மிச்சமாக வீட்டுக்கு வந்த நீங்கள் இனி பதின்மூன்றோடு வருவீர்கள். ஏசி போட்டால் அதுவும் குறையும். பற்றரி பழுது என்று நினைத்து அதற்குச் செலவழிக்கப் போகிறவர்கள் முதலில் ரயரைப் பார்க்க வேண்டும்.

ஆகவே மூன்றாவது விலை ஒன்று கேளுங்கள். கேட்டறிந்த கம்பனி, உருளும் தடை குறைந்த வகை, மழையில் நல்ல பிடி. ஒன்று 38,000க்குள் கிடைத்தால் நான்கு 152,000. 40,000 கிலோமீற்றர் ஓடினால் 3 ரூபா 80 சதம். மின்சாரம் சிறிது கூடினாலும் 4 ரூபாவைத் தாண்டாது. ஐரோப்பிய லேபிள் ஒட்டியிருந்தால் ஏ முதல் ஈ வரை எழுத்துகள் இருக்கும். மின்சாரச் சிக்கனத்துக்கு ஏ அல்லது பீ, ஈரப் பிடிக்கும் ஏ அல்லது பீ. இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் ஈரப் பிடியைப் பாருங்கள். மாரியில் பரந்தன் - முல்லைத்தீவு றோட்டில் இரவில் மாடு படுத்திருக்கும். பிறேக் அடித்தால் கார் நிற்க வேண்டும்.

வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்கம் தேடுங்கள். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த ரயர். இரண்டு வருடத்துக்கு மேல் கடை வெக்கையில் கிடந்ததென்றால் வேண்டாம், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பாவித்த ரயர் எந்த விலைக்கும் வேண்டாம். இந்தக் கார்கள் பலவற்றில் ஸ்பெயார் ரயரே கிடையாது, பஞ்சர் மருந்துப் போத்தல்தான் இருக்கும். பக்கச் சுவர் வெடித்தால் அந்த மருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கையில் 90,000தான் என்கிறீர்கள், குறைவது 62,000. அரச ஆசிரியை என்றபடியால் இடர் கடன் எடுக்க இடம் இருக்கிறதா என்று வலயக் கல்வி அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். அதன் வட்டி அடகு வட்டிக்குக் கிட்டவும் வராது. ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் கடன் அட்டையில் வட்டியில்லாத் தவணை. ஆனால் ‘காசுக்கு என்ன விலை, அட்டைக்கு என்ன விலை?’ என்று இரண்டையும் கேளுங்கள். அட்டைக்குக் கூட்டிச் சொன்னால் அந்தக் கூடுதல்தான் வட்டி.

இரண்டும் சரிவராவிட்டால் பள்ளத்தின் ஆழத்தை அளந்து பாருங்கள். லீஃப் முன் சில்லால் இழுக்கும் கார், ஆகவே பின் ரயர்கள் குறைவாகத் தேய்ந்திருக்கக் கூடும். பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு 1.6 மில்லிமீற்றரைக் காட்டும். ரயர் அதோடு சமமாகிவிட்டால் உடனே மாற்ற வேண்டும். பின் இரண்டிலும் 3 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் இப்போது இரண்டை 76,000க்கு வாங்கிப் பின்னால் போட்டு, அங்கிருந்தவற்றை முன்னால் கொண்டுவாருங்கள். மற்ற இரண்டையும் ஐப்பசி மழைக்கு முன் அதே கம்பனியில், அதே வகையில் வாங்கிவிடுங்கள்.

போட்ட அன்றே அலைன்மென்ற் பார்க்கச் சொல்லுங்கள். காற்று கதவுத் தூண் அட்டையில் உள்ள அளவு, உங்கள் காருக்குப் பெரும்பாலும் 36 பீஎஸ்ஐ. கடைகளில் எல்லாக் காருக்கும் போல 30 அடித்துவிடுவார்கள், விடாதீர்கள். மாதம் ஒருமுறை காலையில், கார் ஓட முன் பார்க்க வேண்டும். அடுத்த மாதத்திலிருந்து சம்பளம் வந்த அன்றே 5,700 ரூபாவைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். கிலோமீற்றருக்கு 3 ரூபா 80 சதப்படி 1,500 கிலோமீற்றருக்கு அவ்வளவுதான். இடர் கடனோ அட்டைத் தவணையோ இருக்கும் மாதங்களில் அந்தக் காசை முதலில் அதற்குக் கட்டுங்கள்.