மலைச்சாலை ஓரம் சமைத்த அடுப்பை மண் போட்டு மூடினால் போதாதா? அதற்கு ஏன் வழக்கு?

போதாது. மண் தீயை அணைப்பதில்லை, மறைக்கிறது. அடியில் கங்கு பல மணி நேரம் கனன்று, காய்ந்த வேர், சருகு வழியாகப் பக்கவாட்டில் நகரும். பிற்பகல் காற்று கிளம்பியதும் வெளியே வந்து பற்றும். பிப்ரவரி முதல் மே வரை மேற்குத் தொடர்ச்சி மலையில் போதைப்புல் என்னும் மலைப்புல் காய்ந்து நிற்கும் காலத்தில் இது மிக ஆபத்து. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமெடுக்கும்; சுடர் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திவிடும். அதனால் தீயைக் கண்டால் மேலே ஓடாதீர்கள்.

காப்புக்காட்டில், அதாவது அரசு காப்பாக அறிவித்த காட்டில், அனுமதியின்றி அடுப்பு மூட்டுவதே குற்றம்: தமிழ்நாடு வனச் சட்டம் 1882, பிரிவு 21. காடு எரிந்தால்தான் வழக்கு என்பது தவறான எண்ணம். சரணாலயங்களுக்கு 1972 வனவிலங்குச் சட்டத்தின் 30-வது பிரிவும் உண்டு. மாட்டுக்கு இளம்புல் துளிர்க்கட்டும் என்று வேண்டுமென்றே கொளுத்துபவர்களும் இதில்தான் சிக்குகிறார்கள்.

அனுமதியுள்ள முகாமில் மூட்டினால்கூட, 'சுர்' சத்தம் நிற்கும்வரை தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். விறகைப் புரட்டி அடிப்பக்கத்தையும் நனையுங்கள். அடுப்புக் கல்லின் அடியில்தான் கங்கு அதிகம் தப்பும். புறங்கையைச் சாம்பலுக்கு மேல் பிடித்துப் பாருங்கள். வெப்பம் தெரிந்தால் இன்னும் அணையவில்லை.