மரத்தில் கூலியைக் கழிக்கலாமா? காட்டோரக் காணியில் வீடு கட்டுவோருக்கு

கேள்வி: நிலாவெளிக்கு மேற்கே காட்டை ஒட்டி எங்களுக்கு 2 ஏக்கர் உறுதிக் காணி இருக்கிறது. வீடு கட்டப்போகிறோம். காணியில் நிற்கும் பாலை, முதிரை மரங்களைத் தானே வெட்டி எடுத்துக்கொண்டு துப்புரவுக் கூலியில் கழிப்பதாகக் கொந்தராத்துக்காரர் சொல்கிறார். கொப்பு, சருகுகளை ஆவணியில் எரித்துவிடுவாராம். சம்மதிக்கலாமா?

பதில்: இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள்.

கூலியை மரத்தில் எடுப்பவருக்கு வெட்ட வெட்ட லாபம். உங்கள் எல்லைக்கு அப்பால் நிற்கும் முதிரையும் அவருக்கு மரம்தான். அரச காட்டில் ஒரு மரம் விழுந்தால், 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனச் சட்டத்தின் கீழ் விசாரணை வரும். அப்போது முதலில் தேடப்படுவது காணிக்காரர்தான். சொந்தக் காணி மரமானாலும் முதிரை, பாலையை லொறியில் ஏற்ற வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேண்டும். அது இல்லாமல் பிடிபட்டால் மரத்தோடு வாகனமும் போகலாம். பலா, ஈரப்பலா, பெண் பனை நின்றால், 1951இன் 9ஆம் இலக்கச் சட்டப்படி வெட்டுவதற்கே அனுமதி எடுக்க வேண்டும். அதற்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள்.

ஆகவே முதல் செலவு நில அளவையாளருக்கு. எல்லைக் கற்களை மீளக் காட்டச் சொல்லி, காட்டுப் பக்க எல்லை நெடுக 10 மீற்றருக்கு ஒரு கட்டை நட்டு நிறம் பூசுங்கள். நிற்க வேண்டிய மரங்களுக்கும் வேறு நிறத்தில் வளையம் போடுங்கள். பெக்கோ ஓட்டுபவருக்குப் படம் வாசிக்க வராமல் இருக்கலாம், நிறம் தெரியும்.

2 ஏக்கர் என்பது 320 பேர்ச்சஸ், 0.81 ஹெக்டேயர். 1 ஹெக்டேயருக்கு மேல் காடழித்தால்தான் சுற்றாடல் மதிப்பீடு என்பதால் தப்பிவிட்டோம் என்று பலர் நினைப்பார்கள். ஆனால் வர்த்தமானியில் பிரகடனமான வனத்தின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் வந்தால், வீட்டின் அளவு எதுவானாலும் சுற்றாடல் அனுமதி கேட்கப்படும். பக்கத்துக் காடு பிரகடனமானதா, வெறும் அரச காடா என்பதை வட்டார வன அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலோடு பிரதேச சபைக்குக் கட்டட விண்ணப்பத்தைக் கொடுங்கள். அனுமதி கைக்கு வருமுன் முற்பணம் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் ‘காணி துப்புரவு’ என்று ஒரே வரியில் எழுதினால் பின்னால் சண்டைதான். எத்தனை பேர்ச்சஸ், எந்த மரங்கள், வேர்க்கட்டை தோண்டுவது யார் என்று அளவோடு எழுதுங்கள். கூடவே இதையும் சேருங்கள்: “வெட்டிய மரம் யாவும் காணி உரிமையாளருக்கே உரியது. எல்லைக்கு வெளியே எந்த மரத்தையும் வெட்டவோ, உரிமையாளரின் எழுத்துச் சம்மதமின்றி காணியில் தீ மூட்டவோ கூடாது. மீறுவதால் வரும் நட்டத்தை ஒப்பந்தகாரரே ஏற்பார்.” முற்பணம் 20 வீதத்தைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு பில்லிலும் 10 வீதம் பிடித்து, பிடித்த தொகை மொத்த ஒப்பந்தத் தொகையில் 5 வீதமானதும் நிறுத்துங்கள். அதில் பாதியை வேலை முடிந்ததும், மீதியை 12 மாதம் கழித்தும் கொடுக்கலாம்.

இனி எரிப்பது. ஆவணியில் மண் காய்ந்து கிடக்கும். கச்சான் காற்றும் முழுதாக ஓய்ந்திருக்காது. உங்கள் தீ காட்டுக்குப் பரவினால் அதுவும் வனச் சட்டப்படி குற்றம். மேலே அணைந்ததாகத் தெரியும் பாலைக் கட்டை வேர் வழியே உள்ளே நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். ஒரு மத்தியானக் காற்று போதும், திரும்பப் பிடிக்கும். சாம்பலுக்குச் சற்று மேலே புறங்கையைப் பிடித்துப் பாருங்கள், சூடு தெரிந்தால் தோண்டித் தண்ணீர் ஊற்றி மண்ணோடு குழைக்க வேண்டும். தடித்த கொப்பை விறகாக்குங்கள், சருகைக் கிடங்கில் தாழுங்கள். எரித்தே ஆகவேண்டியதை ஐப்பசி மழை இரண்டு மூன்று விழுந்தபின், காலையில், 2 மீற்றர் அகலத்துக்கு மேற்படாத சிறு குவியல்களாக, காட்டிலிருந்து 30 மீற்றராவது தள்ளி எரியுங்கள்.

கச்சான் மேற்கிலிருந்து அடிப்பது. உங்கள் காடும் மேற்கே. அந்தப் பக்கம் எல்லைக்குள் 6 மீற்றர் அகலத்துக்கு மண் தெரியச் செருக்குங்கள். இலுக்கு வெட்டினால் மீண்டும் தளிர்க்கும், ஆகவே வைகாசிக்கு முன் ஒருதரம், ஆடியில் ஒருதரம் செருக்க வேண்டும். கிடுகு வேலி காட்டிலிருந்து வீட்டுக்குப் போட்ட திரி மாதிரி. அந்தப் பக்கத்துக்குக் கம்பி வேலிதான்.

வீடுகளில் பெரும்பாலும் தீப்பிடிப்பது பறந்து வரும் பொறியால். அஸ்பெஸ்ரஸ் தகட்டின் அலைமடிப்பும் சுவரும் சந்திக்கும் இடத்தைக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள்: விரல் நுழையும் ஓட்டை, உள்ளே குருவிக்கூட்டு வைக்கோல். பொறி தங்குவது அங்கேதான். கட்டும்போதே சாந்தால் அடையுங்கள். காற்று வேண்டிய இடத்தில் 2 மில்லிமீற்றர் துளையுள்ள உலோக வலை போடுங்கள். நைலோன் நுளம்பு வலை உருகிவிடும். சுவரைச் சுற்றி 1.5 மீற்றருக்கு எரியும் பொருள் எதுவும் வேண்டாம். மணலோ கல்லோ பரப்புங்கள். கூரைக் கம்பி ஒட்டும் நாட்களில் கிரைண்டர் பொறி 10 மீற்றர்கூடப் போகும். சுற்றிலும் நனைத்துவிட்டு, வேலை முடிந்தபின்னும் ஒரு மணி நேரம் ஆள் நிற்கட்டும்.

தீக்கென்று 5,000 லீற்றர் தனியாக வையுங்கள். தாங்கியின் வீட்டுப் பாவனைக் குழாயை அந்த மட்டத்துக்கு மேலே பொருத்தினால் அதை யாரும் தெரியாமல் செலவழிக்க முடியாது. தீ வரும்போது மின்சாரம் நிற்கலாம் என்பதால் பெற்றோல் பம்ப்தான் நம்பிக்கை. பழைய பெற்றோல் காபரேட்டரில் பசையாகிவிடும். மாதம் ஒருதரம் 10 நிமிடம் ஓடவிட்டு, பெற்றோல் பூட்டை மூடி, தானாக நிற்கும்வரை விடுங்கள். தீயணைப்புப் படையின் 110ஐப் பம்ப் மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள்.