கோழியின் சுகரை ஆராய்ந்து என்ன ஆகப் போகிறது? – ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பிளஸ் டூவில் உயிரியல் படிக்கிறாள். நீட் கோச்சிங் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கால்நடை மருத்துவம் படித்து, விலங்குகளின் ரத்தச் சர்க்கரையை ஆராயப் போகிறேன் என்று நிற்கிறாள். "மனுஷனுக்கு வர்ற சுகரைப் பார்க்கவே நேரம் இல்ல, கோழிக்கு எவ்வளவு சுகர்னு பார்த்து என்னங்க ஆகப் போகுது?" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "மாட்டு டாக்டர்னா நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்லுவாங்க" என்றும் ஒரு வரி. உங்களை உண்மையில் அரிப்பது இந்த இரண்டாவது வரிதான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் முதல் கேள்விக்கே முதலில் வருகிறேன், ஏனென்றால் அது நல்ல கேள்வி.

உங்கள் மாமியார் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த மருந்து வந்த வழியைப் பாருங்கள். 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. நோயின் வேர் கணையத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் உறுதியானது. 1921-இல் கனடாவின் டொராண்டோவில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் நாய்களின் கணையத்திலிருந்து எடுத்த, இன்சுலின் அடங்கிய சாற்றை, சர்க்கரை நோய் வந்த நாய்களுக்கே போட்டுப் பார்த்தார்கள். அடுத்த ஜனவரியில், மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை லெனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய 60 வருடம், உலகம் முழுக்க மனிதர்கள் போட்டுக்கொண்டது மாடு, பன்றி இன்சுலின்தான். இன்னொரு வேடிக்கை, பன்றியின் இன்சுலினும் நாயின் இன்சுலினும் அமைப்பில் ஒன்றே. அதனால் இன்றைக்கும் நாய்களுக்கென்று விற்கும் ஓர் இன்சுலின் பன்றியிடமிருந்து எடுத்ததுதான்.

ஆனால் இது பழைய கதை. பழைய பெருமையை நம்பி மகளைப் படிக்க அனுப்ப முடியாது. இன்றைய வேலை எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் கையைக் காட்டுவது மாட்டுக் கொட்டகையை.

உங்கள் வீட்டு குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றில் 100 வந்தால் நிம்மதி. அதே அளவை மாட்டின் ரத்தத்தில் பார்த்தால் டாக்டர் புருவத்தை உயர்த்துவார். மாட்டுக்கு 45 முதல் 75 வரைதான் இயல்பு. கோழிக்கோ 200-ஐத் தாண்டினாலும் நோய் கிடையாது, அதன் உடம்பு அப்படித்தான் ஓடுகிறது. உங்கள் மகளைப் பிடித்து நிறுத்தியது இந்த வித்தியாசமாகத்தான் இருக்கும்.

மாடு என்ன தின்றாலும், அதிலுள்ள மாவுச்சத்தையும் சர்க்கரையையும் முதலில் அனுபவிப்பது பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள். மாட்டுக்குக் கிடைப்பது அவை விட்டுவைக்கும் அமிலங்கள். அவற்றில் புரோப்பியானிக் அமிலத்தை முக்கியமாக வைத்துக்கொண்டு, கல்லீரல் தானே குளுக்கோஸ் தயாரிக்கிறது. நாம் பட்டினி கிடக்கும்போது நம் கல்லீரல் செய்யும் வேலையை, மாட்டின் கல்லீரல் தின்றாலும் தின்னாவிட்டாலும் நாள் முழுக்கச் செய்துகொண்டே இருக்கிறது.

இப்போது கன்று போட்ட கலப்பின மாடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் பால் என்றால், அதில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ பால்சர்க்கரை. அது அத்தனையும் ரத்தத்திலுள்ள குளுக்கோஸிலிருந்து வர வேண்டும். அந்த நேரம் பார்த்து மாட்டுக்குத் தீனி சரியாக இறங்காது. உடம்புக் கொழுப்பு கரைகிறது. கல்லீரலால் அத்தனையையும் எரிக்க முடியாமல் போகும்போது கீட்டோன்கள் என்ற அரைகுறையாக எரிந்த பொருள்கள் ரத்தத்தில் குவிகின்றன. மூச்சில் ஒரு இனித்த வாடை வரும், மாடு அடர்தீவனத்தை முகர்ந்துவிட்டு ஒதுங்கும், பால் சடசடவென்று குறையும். "கண்ணு போட்டதுல இருந்து மாடு இளைச்சுக்கிட்டே போகுதுங்க" என்று சொல்லும் பால்காரரின் மாட்டுக்குப் பல நேரம் இதுதான், கீட்டோசிஸ். ரத்தக்குழாயில் குளுக்கோஸ் ஏற்றியும், வாய்வழியாக புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தைக் கொடுத்தும் மீட்பார்கள். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமல் உள்ளுக்குள் மட்டும் இருக்கும் மாடுகளும் உண்டு. அவற்றை ரத்தத்திலோ பாலிலோ கீட்டோன் அளவு பார்த்துத்தான் பிடிக்க முடியும், ரத்தத்தில் லிட்டருக்கு 1.2 மில்லிமோல் என்பது பரவலாக வைத்திருக்கும் எல்லை.

ஆராய்ச்சி தொடங்குவது இதற்குப் பிறகு. கன்று போட்ட புதிதில் மாட்டின் தசையும் கொழுப்பும் இன்சுலின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. மனிதனுக்கு இப்படி ஆனால் நோய் என்கிறோம். மாட்டுக்கு இது ஏற்பாடு. குளுக்கோஸை இழுத்துக்கொள்ள மடிக்கு இன்சுலின் தயவு தேவையில்லை, அதனால் மற்ற உறுப்புகள் விட்டுக்கொடுத்தது எல்லாம் பாலுக்குப் போகிறது. ஒரே கொட்டகை, ஒரே தீவனம், பத்து மாடு. எட்டு தாங்குகிறது, இரண்டு சரிகிறது. ஏன் அந்த இரண்டு? கன்று போடுவதற்கு முன்பே அவற்றைக் கண்டுபிடிக்க முடியுமா? இதற்குப் பதில் தேடுகிறவருக்குப் பால் பண்ணை, தீவனக் கம்பெனி, பல்கலைக்கழகம் என்று எல்லா இடத்திலும் வேலை இருக்கிறது. இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்கும் கிட்டத்தட்ட இதே ஆபத்து, கடைசி மாதச் சினையில் வரும். நாமக்கல் பக்கம் கூண்டில் வளரும் முட்டைக்கோழிக்குக் கல்லீரலில் கொழுப்பு படிவது வேறொரு தலைவலி. நகரத்தில் என்றால் நாயும் பூனையும். பூனையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வந்த பயத்திலேயே அதற்குச் சுகர் ஏறிவிடும், அதனால் ஒரு தடவை பார்த்த அளவை நம்பி நோய் என்று எழுதிவிட முடியாது.

சரி, படிப்புக்கு வருவோம்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பிவிஎஸ்சி என்ற கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பின் இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்கு மட்டும்தான் நீட். வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று மற்றவையும் இருக்கின்றன. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு, 2021 முதல் கால்நடை மருத்துவத்துக்கும் அது பொருந்தும். கட்டணத்தையும் கடைசித் தேதியையும் இந்த வருடத் தகவல் குறிப்பேட்டில் பாருங்கள், என்னையும் நம்பாதீர்கள், பக்கத்து வீட்டாரையும் நம்பாதீர்கள்.

நாலரை வருடம் வகுப்பு, ஒரு வருடம் உள்ளுறைப் பயிற்சி. அப்புறம் எம்விஎஸ்சி என்ற முதுநிலைப் படிப்பு 2 வருடம். இங்கேதான் துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவள் ஆசைக்கு உடலியல், உயிர்வேதியியல், கால்நடை உணவியல், மருத்துவத் துறை என்று நான்கு வாசல். பெங்களூரில் கால்நடை ஊட்டச்சத்துக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது, கர்னாலில் பால்வள ஆராய்ச்சி நிறுவனம், இஸத்நகரில் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம். பிஎச்டி முடிக்கும்போது வயது 29-ஐத் தொடும். இதை மறைக்கமாட்டேன். வழியில் கிடைக்கும் உதவித்தொகை பழைய காலம் போல இல்லை. மத்திய அறிவியல் நிறுவனங்களின் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை, 2023-இலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி.

"அதுக்குப் பேசாம பயோகெமிஸ்ட்ரி டிகிரி படிக்கட்டுமே" என்று உங்கள் தம்பி சொன்னாராம். அந்த வழியிலும் இதே ஆராய்ச்சிக்குள் நுழையலாம், நுழைந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நான் பிவிஎஸ்சி பக்கம்தான் சாய்வேன். பயோகெமிஸ்ட்ரி வழியில் பிஎச்டி முடியும்வரை கையில் பிடிமானம் கிடையாது. பிவிஎஸ்சி முடித்தவளுக்கு 23 வயதிலேயே கால்நடை மருத்துவராகப் பதிவு இருக்கும். ஆராய்ச்சி கசந்தால் டிஎன்பிஎஸ்சி எழுதி உதவி மருத்துவர் ஆகலாம், சொந்தமாக கிளினிக் வைக்கலாம், பண்ணைக்கு ஆலோசகராகப் போகலாம். கல்யாணம், குழந்தை என்று நடுவில் நின்றாலும் திரும்பி வர வழி இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் இதைச் சொல்லுங்கள். கேலி செய்கிறவர்கள் வீட்டிலும் காலையில் காபிக்குப் பால் வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்ணிடம், "உனக்கு விலங்குகள் என்றால் பிரியமா?" என்று மட்டும் கேட்டு இந்தப் படிப்புக்கு அனுப்பினேன். முதல் வருடம் உடற்கூறு வகுப்பில் நின்றுவிட்டு இரவெல்லாம் அழுதிருக்கிறாள். தப்பு என்னுடையது. இந்த ஆராய்ச்சியில் விலங்கைக் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும், திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும், சில ஆய்வுகளின் முடிவில் விலங்கு உயிரோடு இருக்காது. நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் எதுவும் நடக்காது என்பது உண்மைதான். ஆனால் அனுமதி இருந்தாலும் ஊசியைப் பிடிப்பது அவள் கை. இதை இப்போதே அவளிடம் பேசுங்கள்.

இன்னொரு சோதனையும் வைக்கலாம். உங்கள் ஊர் பால் சொசைட்டியில் விசாரித்தால், அடுத்த மாதம் கன்று போடப் போகும் மாடு ஒன்று தெரியவரும். கன்று போடுவதற்கு மூன்று வாரம் முன்பும் மூன்று வாரம் பின்பும், வாரத்துக்கு இரண்டு நாள் காலை ஐந்தரைக்கு அவள் அங்கே போகட்டும். எவ்வளவு தின்றது, அசை போட்டதா, எத்தனை லிட்டர் கறந்தது, விலா எலும்பு எவ்வளவு தெரிகிறது என்று நோட்டில் எழுதட்டும். பரீட்சைக்குப் படிக்கும் நேரம் கெடும் என்பீர்கள். வாரத்துக்கு இரண்டு காலைதானே, அம்மா.

கல்லூரி விண்ணப்பம் வரும் நேரத்தில் இருவரும் ஒரு சனிக்கிழமை வாருங்கள். வரும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். முதலில் நோட்டைத்தான் பார்ப்பேன்.