மகுடத்திலிருந்து மன்றத்துக்கு: வாசகர் கேள்விகள்

இங்கிலாந்தின் நாடாளுமன்ற ஆட்சி மகா சாசனத்தில் (மேக்னா கார்ட்டா) தொடங்கியது என்று எழுதலாமா?

எழுதலாம், பாதி மதிப்பெண்தான். 1215 ஜூனில் ரன்னிமீடில் ஜான் மன்னர் முத்திரையிட்டார். ஆகஸ்டிலேயே போப் மூன்றாம் இன்னசென்ட் அது செல்லாது என்றுவிட்டார். பொது ஆலோசனையின்றி வரி கூடாது என்ற 12ஆம் பிரிவை 1216 மறுவெளியீட்டில் எடுத்துவிட்டார்கள். சட்டமாக நிலைத்தது 1225ஆம் ஆண்டுப் பிரதிதான். எந்த ஆண்டுப் பிரதி என்று பார்க்காமல் பிரிவு எண்ணை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்.

முதலாம் சார்லஸைத் தூக்கிலிட்டது 1648இலா, 1649இலா?

தூக்கிலிடவில்லை, தலையை வெட்டினார்கள். ஜனவரி 30, 1649. அப்போது இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25 என்பதால் அன்றைய ஆவணங்களில் 1648 என்றே இருக்கும். ஜனவரி முதல் மார்ச் 24 வரையுள்ள எந்தத் தேதியானாலும் ஆண்டை இருமுறை பாருங்கள்.

கப்பல் வரி சொற்பத் தொகைதானே, அதற்கா அத்தனை அமளி?

அதைக் கட்ட மறுத்த ஜான் ஹாம்ப்டன் மீதான வழக்கில் பேசப்பட்ட தொகை 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. ஆனால் போர்க்காலத்தில் கடலோர ஊர்களிடம் வாங்கிய வரியை, 1635இல் போரே இல்லாதபோது உள்நாட்டு மாவட்டங்களுக்கும் நீட்டினார் சார்லஸ். ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் பவுண்டு, நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே. வழக்கில் 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம்தான். ஆனாலும் 1639க்குள் வசூல் படுத்துவிட்டது. ஸ்காட்லாந்துடன் போர் வந்ததும் கையில் காசில்லாமல் 1640இல் மன்றத்தைக் கூட்டியே ஆகவேண்டியதாயிற்று.

சார்லஸுக்குப் பின் நாட்டை ஆண்ட கிராம்வெல் மன்னரானது எந்த ஆண்டு?

ஆகவேயில்லை. 1657இல் மன்றம் மகுடத்தை நீட்டியது, மறுத்துவிட்டார்.

1689 உரிமைச் சட்டத்தோடு மன்னர் வெறும் பொம்மையாகிவிட்டார் என்று எங்கள் ஆசிரியர் சொல்கிறார். சரியா?

இல்லை. இதே கேள்வி எத்தனை முறைதான் வரும்! சட்டத்தைப் படித்துப் பாருங்கள்: மன்றத்தின் இசைவின்றிச் சட்டத்தை நிறுத்திவைக்கக் கூடாது, வரி வாங்கக் கூடாது, அமைதிக் காலத்தில் நிலைப்படை வைக்கக் கூடாது. அமைச்சர்களை யார் நியமிப்பது, போரை யார் அறிவிப்பது என்பதில் அது கைவைக்கவில்லை. இரண்டும் அன்றைய மன்னர் மூன்றாம் வில்லியமிடமே இருந்தன. மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்ற மசோதாவை அவர் 1693இல் நிராகரித்தார், 1694இல்தான் ஒப்புதல் தந்தார்.

மாற்றம் நடந்த இடம் கஜானா. 1685இல் வில்லியமுக்கு முந்தைய மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்குச் சுங்கம், கலால் வருவாயை ஆயுளுக்கும் எழுதிக் கொடுத்தது மன்றம். அதை வைத்துப் படையைப் பெருக்கிக்கொண்டு, அதே நவம்பரில் மன்றத்தை ஒத்திவைத்தார். அவர் ஆட்சியில் அது பிறகு கூடவேயில்லை. அந்தச் சூடு மறக்காமல், வில்லியமுக்கு 1690இல் சுங்கத்தை நான்கே ஆண்டுக்குக் கொடுத்தார்கள். படை ஒழுங்குக்கான கலகச் சட்டமும் குறுகிய காலத்துக்குத்தான். காலாவதியானால் ராணுவ நீதிமன்றம் நடத்தச் சட்டபலம் கிடையாது. பிரான்சுடனான போரோ ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் பவுண்டு விழுங்கியது. 1694இல் இங்கிலாந்து வங்கி 8 சதவீத வட்டிக்கு 12 லட்சம் கடன் தந்ததுகூட, வட்டிக்கு இன்ன வரி என்று மன்றம் சட்டம் போட்டு ஒதுக்கியதால்தான். 1689 முதல் மன்றம் கூடாத ஆண்டே இல்லை. உரிமைச் சட்டத்தை மனப்பாடம் செய்து வரவு செலவைத் தொடாமல் விடுகிற பாடத்திட்டத்தை என்னவென்று சொல்வது!

அந்தச் சட்டத்தின் ஆண்டு 1688 என்றும் பார்த்தேனே?

ஒப்புதல் 1689 டிசம்பரில். அக்காலச் சட்டங்களுக்குக் கூட்டத்தொடரின் முதல் நாளே தேதி. இதற்கு எடுத்துக்கொண்டது அந்த மன்றம் முதலில் கூடிய பிப்ரவரி நாளை. மேலே சொன்ன மார்ச் 25ஐச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மசோதாவுக்குக் கடைசியாக ஒப்புதல் மறுத்தவர் யார்?

ஆன் ராணி, 1708, ஸ்காட்லாந்து குடிப்படை மசோதா. அதுவும் அமைச்சர்கள் சொல்லித்தான்.

பிரதமரை மன்னர் தன்னிஷ்டப்படி நீக்கியது எப்போது நின்றது?

நான்காம் வில்லியம் 1834 நவம்பரில் பிரதமர் மெல்போர்னை அனுப்பிவிட்டு ராபர்ட் பீலை அமர்த்தினார். அடுத்து வந்த தேர்தலில் பீலுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. மக்களவையில் அடுத்தடுத்துத் தோற்று 1835 ஏப்ரலில் விலகினார். மெல்போர்னையே திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அதன்பின் எந்த மன்னரும் முயலவில்லை.