கேரேஜில் விறகு அடுப்பு: சுவரில் துளை போடும் முன்

கேள்வி: வீட்டை ஒட்டியுள்ள கேரேஜில் ஓய்வு நேரத்தில் மரவேலை செய்கிறேன். காரும் அங்கேதான் நிற்கும். குளிர் தாங்க முடியாமல் பழைய இரும்பு விறகு அடுப்பு ஒன்றை வாங்கிவிட்டேன். சுவரைத் துளைத்துப் புகைபோக்கியை நானே பொருத்த நினைக்கிறேன். "சொந்த வீடுதானே, யார் கேட்கப் போகிறார்கள்?" என்கிறார் மைத்துனர். பக்கத்து வீட்டுக்காரரோ புகை வரும் என்று இப்போதே முணுமுணுக்கிறார். அனுமதி வாங்க வேண்டுமா? நாளை தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைக்குமா?

பதில்: எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்துவதைச் சொல்கிறேன்.

மைத்துனர் சொல்வதில் பாதி சரி. தன் வீட்டு வேலையை உரிமையாளரே செய்துகொள்ளப் பல நாடுகளில் தடை இல்லை. இங்கிலாந்தில் பதிவுபெற்ற நிறுவுநரை வைத்துச் செய்தால் அவரே சான்று கொடுத்துவிடுவார். நீங்களே செய்தால் வேலை தொடங்கும் முன் கட்டட அலுவலகத்துக்குத் தெரிவித்து, அவர்கள் பார்வையிட்டுச் சான்று தர வேண்டும். அமெரிக்காவிலும் பெரும்பாலான நகரங்களில் பெர்மிட், அப்புறம் இன்ஸ்பெக்‌ஷன். ஆக, ஆள் வைக்காமல் செய்யலாம். கேட்காமல் செய்யக் கூடாது.

உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை புகைபோக்கி அல்ல, கேரேஜ்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, எங்கே நெருப்பு இருக்கிறதோ அங்கே போய்ப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் அமெரிக்காவில் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ. புகைபோக்கிகளுக்காக வகுத்த 211ஆம் எண் தரநிலை, விறகு போன்ற திட எரிபொருள் அடுப்புகளைக் கேரேஜில் நிறுவவே கூடாது என்கிறது. இதை ஏற்றுக்கொண்ட ஊரில் நீங்கள் எவ்வளவு நேர்த்தியாகப் பொருத்தினாலும் பெர்மிட் கிடைக்காது. "தரையிலிருந்து 18 அங்குலம் உயர்த்தி வைத்தால் போதும்" என்று யாராவது சொல்வார்கள். அந்த 18 அங்குலம் கேரேஜில் அனுமதிக்கப்பட்ட கேஸ் ஹீட்டர் போன்றவற்றின் தீப்பொறி எழும் பகுதிக்கான விதி. தடை செய்யப்பட்ட அடுப்பை அது அனுமதிக்கப்பட்டதாக ஆக்கிவிடாது.

காரை வெளியே நிறுத்திவிடுகிறேன் என்பீர்கள். அது மட்டும் போதாது. கார் நுழையும் கதவு இருக்கும்வரை, ஆவணத்தில் கேரேஜ் என்று இருக்கும்வரை, அதிகாரி அதைக் கேரேஜாகத்தான் பார்ப்பார். அந்தக் கதவை நிரந்தரமாக அடைத்து, இடத்தைப் பட்டறையாகவோ அறையாகவோ முறைப்படி மாற்றினால் கதை வேறு. அந்த மாற்றத்துக்கே தனி அனுமதி வேண்டும், அதையும் முதலில் வாங்க வேண்டும்.

பழைய அடுப்பு என்கிறீர்களே, அதன் முதுகில், பாதுகாப்புச் சோதனையில் தேறியதைக் காட்டும் பரிசோதனைக்கூடத்தின் தகடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தகடு உள்ள அடுப்புக்குத் தயாரிப்பாளரின் கையேடுதான் நடைமுறையில் சட்டம். அதில் சொன்ன இடைவெளியை மீறினால் விதியை மீறியதாகவே கொள்வார்கள். தகடு இல்லாவிட்டால் சில இடங்களில் அனுமதியே கிடையாது. சில இடங்களில் எரியக்கூடிய பொருள்களிலிருந்து 36 அங்குல இடைவெளி கேட்பார்கள். சுவரைக் கடக்கும் இடத்தில் அடுப்பின் ஒற்றைத் தகட்டுக் குழாயை அப்படியே நீட்டிவிடுவதுதான் தானே செய்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. அங்கே அதற்கென்று சோதிக்கப்பட்ட, வெப்பம் தடுக்கும் குழாயும், அது சுவரைத் தொடாமல் கடக்க ஒரு சுவர்ப்பெட்டியும் வேண்டும். புகைபோக்கியின் உயரத்துக்கும் அமெரிக்காவில் கணக்கு உண்டு: கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, 10 அடி தூரத்துக்குள் இருக்கும் கூரையின் எந்தப் பகுதியையும்விட 2 அடி அதிகம். இங்கிலாந்து விதிகளில் அளவு வேறு. உங்கள் ஊர் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி இன்சூரன்ஸ். விறகு அடுப்பு இருக்கிறதா என்று விண்ணப்பத்திலேயே பல நிறுவனங்கள் கேட்கின்றன. பாலிசி எடுத்த பிறகு அபாயம் கூடினால் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல பாலிசிகளில் உண்டு. மறைத்தால் பணம் மொத்தமாகப் போய்விடுமா? எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. சில சட்டங்கள் மறைத்த விஷயத்துக்கும் நஷ்டத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கின்றன. ஆனால் உங்கள் வழக்கில் தீ அந்த அடுப்பிலிருந்துதான் தொடங்கியிருக்கும், அங்கே வாதாட என்ன மிச்சம்? எனவே அடுப்பின் விவரம், இடம், யார் பொருத்துவது என்பதை எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் போனில் "ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்" என்று சொன்னதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம். வீட்டுக் கடன் இருந்தால் கடன் பத்திரத்தையும் ஒரு முறை படியுங்கள், கட்டட மாற்றத்துக்கு வங்கியின் ஒப்புதல் கேட்டிருக்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் முணுமுணுப்பதை அலட்சியப்படுத்தாதீர்கள். அடுப்புக்கு அனுமதி வாங்கிவிட்டால், பக்கத்து வீட்டுக்குப் புகை விடவும் அனுமதி வாங்கியதாகாது. அவர் வீட்டு ஜன்னலுக்குள் நாள்தோறும் புகை போனால் தொல்லை என்று தடை உத்தரவு கேட்கலாம். எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு நேரம், எப்படிப்பட்ட பகுதி என்பதையெல்லாம் நீதிமன்றம் எடைபோடும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே உள்ள காய்ந்த விறகை மட்டும் எரித்தால் இந்தச் சண்டையில் பாதி வராது. குழாயில் கிரியோசோட், அதாவது தீப்பற்றக்கூடிய தார் போன்ற புகைப்படிவு, சேர்வதும் குறையும். சில நகரங்களில் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் உண்டு, அங்கே எந்த அடுப்பு, எந்த எரிபொருள் என்பதற்கே பட்டியல் இருக்கிறது.

தீ அவர் வீட்டுக்குப் பரவினால்? தற்செயலாக மூண்ட தீக்குப் பொறுப்பில்லை என்று இங்கிலாந்தில் 1774ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. சட்டக் கல்லூரியில் எல்லோரும் ரசித்துப் படிப்பது. கவனக்குறைவால் மூண்ட தீயை அது காக்காது என்று 1847லேயே தீர்ப்பாகிவிட்டது. பெர்மிட் இல்லாமல், கையேட்டை மீறி, தடை உள்ள இடத்தில் பொருத்திய அடுப்பு என்றால், கவனக்குறைவுக்கு எதிர்த்தரப்பு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.

கட்டட அலுவலகத்திடம் மூன்று விஷயம் மட்டும் எழுத்தில் கேளுங்கள்: கேரேஜில் திட எரிபொருள் அடுப்பு அனுமதிக்கப்படுகிறதா, பயன்பாட்டை மாற்றினால் நிலைமை மாறுமா, உரிமையாளரே பொருத்தலாமா. முதல் கேள்விக்கே "இல்லை" என்றால் அடுப்பை விற்றுவிட்டு, வெளிக்காற்றை எடுத்து எரியும் மூடிய ஹீட்டரோ மின்சார ஹீட்டரோ கேரேஜுக்கு ஏற்றதா என்று விசாரியுங்கள். ஒருவேளை எனக்கு எழுதிய பிறகு சுவரைத் துளைத்துவிட்டீர்கள் என்றால், மேலே பூசி மறைக்காதீர்கள், அடுப்பைப் பற்றவைக்கவும் வேண்டாம். வேலை செய்த பிறகு அதற்கு அனுமதி கேட்கும்போது அதிகாரிக்குச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். மூடிவிட்டால் உங்கள் செலவில் உடைத்துக் காட்டச் சொல்வார்.