ஏ0-வா, 50-ஆ?

கேள்வி: ஈப்ராம் என்ற நினைவகச் சிப்பின் டேட்டாஷீட்டில் எழுத ஏ0, படிக்க ஏ1 என்று ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) இரண்டு முகவரிகள் உள்ளன. போர்டில் உள்ள வன்பொருளை லினக்ஸுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில், முகவரிக்கான ‘ரெக்’ பண்பில் எதைப் போடுவது?

பதில்: இரண்டையும் போடாதீர்கள். சிப்கள் பேசிக்கொள்ளும் இரு கம்பித் தடமான ஐ2சி பஸ்ஸில் இந்தச் சிப்பின் முகவரி 7 பிட்தான். கடைசி பிட், படிப்பதா எழுதுவதா என்று சொல்ல வந்தது. அதை உதிர்த்தால் மிஞ்சுவது ஹெக்ஸ் 50. அந்தப் பிட்டையும் சேர்த்து அச்சிட்டு ஆளைச் சுற்றவிடும் டேட்டாஷீட்டுகள் மீது எனக்குத் தீராத எரிச்சல்! டிவைஸ் ட்ரீயில் இந்தச் சிப்பை விவரிக்கும் பகுதியான நோடின் பெயரில் @ குறிக்குப் பின்னும் 50-தான். ‘0எக்ஸ்’ என்ற ஹெக்ஸ் முன்னொட்டு அங்கே வேண்டாம். பஸ்ஸுக்குரிய தாய் நோடில், ‘ரெக்’கில் முகவரிக்கு எத்தனை எண் என்று சொல்லும் அட்ரஸ் செல்ஸ் 1, பரப்பளவுக்கு எத்தனை எண் என்று சொல்லும் சைஸ் செல்ஸ் 0. பஸ்ஸில் சிப்புக்கு ஓர் எண்தான், பரப்பு கிடையாதே. எழுதி முடித்ததும், பஸ்ஸில் உள்ள சிப்களைத் தேடும் ஐ2சி டிடெக்ட் கட்டளையை ஓட்டுங்கள். 50-க்குரிய இடத்தில் ‘யூயூ’ தெரிந்தால் பதறாதீர்கள், டிரைவர் சிப்பைப் பிடித்துக்கொண்டுவிட்டது. சிப் இருப்பது எஸ்பிஐ என்ற வேறு வகை பஸ் என்றால் ‘ரெக்’கில் போடுவது, எந்தச் சிப் என்று தேர்ந்தெடுக்கும் சிப் செலக்ட் எண்.